நெற்றியில் ஒரு ஸ்டக்கி

1946 மார்ச் பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு இருபதுக்கு பிட்டர்வெல் ஊரின் எல்லா வீடுகளும் மூன்று அங்குலம் குள்ளமாயின. சத்தம் எதுவும் இல்லை. சுவரில் விரிசல் இல்லை, ஜன்னல் கண்ணாடி உடையவில்லை, மேஜையில் இருந்த காப்பி தளும்பக்கூட இல்லை. ஐந்து மணிக்கு ஜிப்சம் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து திரும்பியவர்களில் பத்தொன்பது பேர் அவரவர் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சுரங்கக் கம்பெனி பாலைவனத்தில் ஒரே வருடத்தில் கட்டிய ஊர் அது. எல்லா வாசலும் ஒரே உயரம், ஆறடி இரண்டங்குலம். மறுநாள் மாவட்ட அலுவலகத்திலிருந்து சர்வேயர் வந்து டேப் வைத்துப் பார்த்தார். ஐந்தடி பதினொன்று. தேவாலயம், பள்ளிக்கூடம், தபால் நிலையம், கோழிக்கூண்டு என்று பாரபட்சமே இல்லை. கதவு, நிலை, சுவர், ஜன்னல் எல்லாமே நடுவில் மூன்று அங்குலத்தை இழந்து, இழந்த இடம் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. சர்வேயர் ‘அளவு சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், நிமிர்ந்தார், இடித்துக்கொண்டார், ஊரைவிட்டுப் போனார். அதன்பின் அந்த அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரு பேனாக்கத்தி போதுமாக இருந்தது. தீவனக்கடை ஹார்லன் பீட் தன் கடைச் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டினான். உள்ளே இடுப்புக்கு மேலே, கடையின் நாலு சுவரையும் சுற்றி, வெண்ணெய் தடவிய மாதிரி வழவழப்பாக ஒரு கோடு ஓடியது. ஈயம். பிட்டர்வெல்லில் ஈயம் உருக்குகிறவன் ஒருத்தன்தான். மெயின் தெருவின் கடைசி ஷெட்டில் இருந்த வெர்லின் ஸ்டக்கி.

வெர்லின் பசிபிக் போரில் விமானங்களுக்கு இன்ஜின் மாற்றியவன். போர் முடிந்து வந்ததும், கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு பழைய முப்பத்திரண்டாம் வருட ஃபோர்டு காரை ஷெட்டுக்கு இழுத்துவந்தான். இரண்டு பேர் உட்காரும் கூபே கார். சக்கரங்களுக்கு மேலிருந்த தகடுகளைக் கழற்றி எறிந்தான், இன்ஜினைப் பிரித்து வேறு மாதிரி கோத்தான். ஊருக்குக் கிழக்கே ஐந்து மைல் தள்ளி, தண்ணீரே பார்க்காத ஏரி ஒன்று வறண்டு கிடக்கிறது. தட்டு மாதிரி மட்டமான தரை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாலிபர்கள் இப்படிப்பட்ட வண்டிகளை அங்கே கொண்டுவந்து, ஒருவர் பின் ஒருவராக, கடிகாரம் வைத்து வேகம் அளந்து ஓட்டுவார்கள். பத்திரிகைகள் அவற்றை ‘ஹாட் ராட்’ என்று எழுதின, ‘ரவுடி’ என்று எழுதுகிற அதே பேனாவால். வெர்லினின் வண்டி மணிக்கு நூற்றுப் பதினெட்டு மைல் வேகத்துக்கு மேல் போக மறுத்தது. காற்று கூரையில் மோதுகிறது என்று அவனுக்குப் பட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை, கூரையைத் தாங்கும் தூண்களை மூன்று அங்குலம் அறுத்தெடுத்து, கூரையைக் கீழே இறக்கிப் பற்றவைத்துவிட்டான். அந்தப் பாலைவனத்தில் அப்படிச் செய்த முதல் ஆள் அவன்தான். அதை ஊரில் இன்றுவரை யாரும் மறுத்ததில்லை, பாராட்டியதும் இல்லை.

அவனுடைய வேலைக்கு ஒரு விதி இருந்தது. கதவுகளைச் சாத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும். உள்ளே குறுக்கும் நெடுக்கும் இரும்புக்குழாயை முட்டுக் கொடுத்துப் பற்றவைத்த பிறகுதான் ரம்பம் தொட வேண்டும். இல்லாவிட்டால் அறுத்தவுடன் காரின் உடல் மூச்சுவிட்ட மாதிரி விரிந்துவிடும், பிறகு அந்தக் கதவு ஜென்மத்துக்கும் சாத்தாது. டேப்பின் ஒரு முனையை வெர்லின் பிடித்தால் மறுமுனையைப் பிடிப்பது அவன் மனைவி ஓப்பல். சாக்குக்கட்டியால் கோடு போடுவதும் அவள்தான். பற்றவைத்த தழும்பின்மேல் ஈயத்தை உருக்கி, மெழுகு தடவிய மரக்கரண்டியால் வழித்து வழித்து மூடுவதும் அவள்தான். அந்த மரக்கரண்டியாலேயே அவள் ‘ஆப்பிள் பை’ என்ற பலகாரத்துக்கு மாவும் வழிப்பாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது பொய். ஆனாலும் அன்றிலிருந்து தேவாலய விருந்துகளில் அவள் சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பையை யாரும் தொட்டதில்லை.

ஊர்க் கூட்டத்துக்கு வெர்லினை வரச்சொன்னார்கள். வந்தான். ஐந்தடி நாலங்குல மனிதன், எந்த வாசலிலும் இடிக்காமல் நுழைந்தான். அதுதான் எல்லோருக்கும் முதலில் எரிந்தது.

“ஏன்யா, எங்க வீட்டை எதுக்குய்யா அறுத்தே?” என்றான் ஹார்லன்.

“நான் என் காரைத்தான் அறுத்தேன். உன் வீட்டை நீ பாத்துக்கணும்.”

“எங்கப்பா கடை வாசல்ல நான் நிமிர்ந்து நடந்தவன்டா. தலைமுடி உரசும், அவ்வளவுதான். இப்பப் பாரு!” ஹார்லன் தன் நெற்றியைக் காட்டினான். புறா முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது.

வெர்லின் எட்டிப் பார்த்தான். “நல்லா வந்திருக்கு,” என்றான்.

அவனை அடிக்க நாலு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கூட்ட அறையின் குறுக்குக் கட்டையில் நாலு பேரும் இடித்துக்கொண்டார்கள். அவர்களில் யாரோ ஒருவன், வலியில், “ஸ்டக்கி!” என்று கத்தினான். திட்டுவதற்குத்தான் கத்தினான். ஆனால் அந்த வார்த்தை அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்த வாரத்துக்குள் பிட்டர்வெல்லில் நெற்றி வீக்கத்துக்குப் பெயரே ஸ்டக்கி என்று ஆகிவிட்டது. ‘காலையில ஒரு ஸ்டக்கி வாங்கினேன்’, ‘என் பையனுக்கு ரெண்டு ஸ்டக்கி’ என்று பேசினார்கள். மருந்துக்கடையில் ஐஸ் பையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ‘ஸ்டக்கிக்கு’ என்று எழுதி ஒட்டினார்கள்.

மூன்று அங்குலத்தோடு அவன் நிறுத்தியிருந்தால் ஊர் ஒருவேளை மறந்திருக்கும். 1949-ல் இன்னும் இரண்டு அங்குலம் அறுத்தான். 1953-ல் இன்னும் மூன்று. ஊர் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் அறுத்தான். இதில் அவனுக்காகப் பேச யாருக்கும் வாயில்லை. மற்றவர்களுடைய கார்களை எத்தனை அறுத்தாலும் ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தக் கூபேயைத் தொட்டால் மட்டும் வீடுகள் இறங்கின. கடைசியில் வாசல்கள் ஐந்தடி ஆறங்குலத்தில் வந்து நின்றன. கூபேயின் முன்கண்ணாடி தபால்பெட்டியின் வாய் மாதிரி ஆனது. அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே வெர்லின் வறண்ட ஏரியில் நூற்று நாற்பத்து மூன்று மைல் வேகத்தில் போனான். லாஸ் ஏஞ்சலஸிலிருந்தும் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்தும் பையன்கள் கார்களை இழுத்துக்கொண்டு வந்து அவன் ஷெட் வாசலில் வரிசையில் நின்றார்கள். ஊரில் உயரமானவர்கள் வேறு ஊர் பார்த்துப் போனார்கள். பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அணி கலைக்கப்பட்டது. பாதிரியார் ஓக்ஸ் பிரசங்க மேடையில் முழங்கால் மடித்து நின்று பேசப் பழகினார், அதைப் பக்தி என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் காணிக்கை போட்டார்கள்.

வெர்லின் அறுத்தெடுத்த தூண் துண்டுகளை எறியவில்லை. மூன்று அங்குலத் துண்டுகள் ஓர் ஆணியில், இரண்டங்குலத் துண்டுகள் இன்னொன்றில், மறுபடி மூன்றங்குலம் மூன்றாவது ஆணியில் என்று தேதி எழுதி ஷெட் சுவரில் மாட்டிவைத்தான்.

இன்னொரு விஷயமும் நடந்தது. அதை ஊர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பிட்டர்வெல்லில் ஏப்ரல் காற்று என்று ஒன்று உண்டு. வடமேற்கு மலை இடுக்கிலிருந்து இறங்கி வந்து, வருடத்துக்கு ஏழு எட்டுக் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு ஏரிப் பக்கம் போகும். 1946 ஏப்ரலில் இரண்டு கூரைதான் போயின. 1949-க்குப் பிறகு ஒன்றுகூடப் போகவில்லை. காற்று வந்தது, ஊருக்கு முன்னால் ஒரு கணம் நின்று யோசித்தது, ஊரின் முதுகைத் தடவிக்கொண்டு மேலாகப் போய்விட்டது. கொடியில் காய்ந்த சட்டைகூட ஆடவில்லை. ஓப்பல் இதை ஒருமுறை ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து நிமிர்ந்ததில் மூன்று பேருக்கு ஸ்டக்கி.

வெர்லின் 1971-ல் செத்தான். ஈயப் புகையும் பெயின்ட் புகையும் நுரையீரலைத் தின்றுவிட்டன. சவ அடக்கத்துக்கு ஊரிலிருந்து பாதிரியாரைத் தவிர யாரும் போகவில்லை. வெளியூரிலிருந்து நானூறு கார்கள் வந்தன. முன்பு ரவுடிகள் என்று எழுதப்பட்ட பையன்கள் இப்போது தொப்பை வைத்து, பிள்ளைகுட்டியோடு, பளபளக்கும் பழைய கார்களை முப்பது மைல் வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ‘எங்க எல்லாருக்கும் முன்னால அறுத்தவன் இவன்தான்’ என்று கல்லறைப் பக்கம் நின்று அழுதார்கள். அடுத்த வருடம் அவர்களுடைய சங்கம் ஊர் மன்றத்துக்குக் கடிதம் எழுதியது. மெயின் தெருவில் வெர்லின் ஸ்டக்கி பெயரில் வெண்கலப் பலகை ஒன்று வைக்க அனுமதி வேண்டும்.

அப்போது மன்றத் தலைவன் ஹார்லன் பீட். இருபத்தாறு வருடமாகத் தன் அப்பாவின் கடைக்குள் குனிந்து நுழைந்தவன். ஓப்பலைக் கூப்பிட்டனுப்பினான். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

“உன் புருஷன் பேருக்குப் பலகை எதுக்கு ஓப்பல்? ஊர்ல ஒவ்வொருத்தன் நெத்தியிலயும் அவன் பேரைத்தான் எழுதி வெச்சிருக்கோமே,” என்றான். மன்றம் சிரித்தது.

“அது நீங்க திட்டுறதுக்கு வெச்ச பேரு. நான் கேக்கறது அவர் செஞ்ச வேலைக்கு.”

“சரி, பலகை வெச்சுக்கோ. பதிலுக்கு அந்தக் கூபேயை மன்றத்துக்குக் குடு. ஆணியில தொங்குற துண்டுகளையும் குடு. எல்லாத்தையும் திருப்பி ஒட்டிடறோம். கார் பழைய உசரத்துக்கு வரும், ஊரும் வரும். நாங்க நிமிர்ந்து நின்னு உன் பலகையைப் படிக்கிறோம்.”

வெர்லின் செய்தது என்று இந்த உலகத்தில் ஓப்பலிடம் மிச்சமிருந்தது அந்த எட்டு அங்குலம்தான். அந்த எட்டு அங்குல வெற்றிடம். அதை நிரப்பிவிட்டு அவன் பெயரை வெண்கலத்தில் எழுதி என்ன பிரயோஜனம்? கோழிக்கூண்டாக இருந்த காரும் ஒரு பெயரும்தான் மிஞ்சும்.

“ஹார்லன், அந்தக் காரைத் தொட்டே, நீ நிமிரவே முடியாதபடி பண்ணுவேன்,” என்றாள்.

“இதுக்கு மேலயா?” என்றான் அவன்.

கார் ஓப்பலின் முற்றத்தில் நின்றது. வெர்லின் செத்த பிறகு அதற்கு யாரும் ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கவில்லை. ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாத வண்டி தெருவிலிருந்து பார்வையில் படும்படி நின்றால் அது பொதுத் தொல்லை என்று மன்றத்தில் ஒரு பழைய விதி இருந்தது. ஊரில் முப்பது முற்றங்களில் அப்படி முப்பது வண்டிகள் துருப்பிடித்துக் கிடந்தன. நோட்டீஸ் ஒன்றுக்குத்தான் போனது. இருபது நாள் கெடு. ஓப்பல் இருபத்தொரு அடி நீளத்துக்குச் சாக்குகளைத் தைத்துத் தெருப்பக்கம் திரை கட்டினாள். திரை காற்றில் விலகினாலும் பார்வையில் படும் என்று மன்றம் தீர்மானம் போட்டது. காற்றே வராத ஊரில் போட்ட தீர்மானம். 1973 ஏப்ரல் மூன்றாம் தேதி இழுவை வண்டியோடு வந்தார்கள். கூபேயைக் கட்டி இழுத்தார்கள். ‘வண்டியைச் சேர்ந்த உதிரிகள்’ என்று ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று ஆணிகளில் தொங்கிய துண்டுகளையும் எடுத்துப்போனார்கள். ஆணிகளை மட்டும் விட்டுவிட்டார்கள்.

வேலையை ட்வைட் கிம்பிளிடம் கொடுத்தார்கள். சுரங்கத்தில் லாரிகளுக்கு வெல்டிங் செய்கிறவன். தன் வாழ்நாளில் ஒரு கூரையையும் அறுத்ததில்லை என்பதை அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்வான், அதற்காகவே அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரே சுரங்க ஷெட் வேலிக்கு வெளியே நின்றது. ஓப்பலும் நின்றாள். அவளைச் சுற்றி மட்டும் நாலடிக்கு இடம் காலியாக இருந்தது.

ட்வைட் முதலில் காரின் இரண்டு கதவுகளையும் கழற்றினான். வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று சுவரில் சாய்த்துவைத்தான். அப்புறம் ரம்பத்தை எடுத்தான்.

“ட்வைட்!” ஓப்பல் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “கதவை மாட்டுய்யா! சாத்திட்டு அளக்கணும்! உள்ளே முட்டுக் குடுக்கலையே?”

“போய் பை சுடு ஓப்பல். ஈயம் மட்டும் போட்டுடாதே,” என்றான் ட்வைட். வேலிக்கு வெளியே கைதட்டல் எழுந்தது.

“இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்,” என்றாள் ஓப்பல். வேலியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

மூன்று நாள் வேலை நடந்தது. ஏப்ரல் ஆறாம் தேதி பகல் இரண்டு மணிக்குக் கடைசித் துண்டு பற்றவைக்கப்பட்டது. ஊர் எட்டு அங்குலம் உயர்ந்தது, அதே மாதிரி சத்தமில்லாமல். ஹார்லன் பீட் தீவனக்கடை வாசலுக்கு ஓடினான். நின்றான். மெதுவாக உள்ளே நடந்தான், தலைமுடி மேற்கட்டையில் உரசியது. வெளியே வந்து மறுபடி நுழைந்தான். பதினேழு தடவை அப்படிச் செய்தான் என்று எண்ணியவர்கள் சொன்னார்கள். காப்பிக்கடையில் எல்லோருக்கும் ஆப்பிள் பை இலவசம். பீர் பீப்பாய்களைத் தெருவில் உருட்டினார்கள். இருபது வருடமாகப் பெட்டியில் கிடந்த உயரமான தொப்பிகளை எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டார்கள். பாதிரியார் ஓக்ஸுக்கு முழங்காலை நிமிர்த்த வரவில்லை, இருந்தாலும் சந்தோஷப்பட்டார்.

கதவுகள் சாத்தவில்லை என்பதைச் சாயங்காலம்தான் கவனித்தார்கள்.

ஒரு கதவும் சாத்தவில்லை. நிலைக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி நின்றது. தோளால் முட்டினார்கள், உதைத்தார்கள், இழைப்புளி போட்டு இழைத்தார்கள். கதவை இழைக்க இழைக்க இடைவெளியும் கூடவே நகர்ந்துகொண்டது. வீட்டு வாசல்கள், அலமாரிகள், குளிர்சாதனப் பெட்டிகள், பள்ளிக்கூடக் கழிப்பறைகள், வங்கியின் பெட்டக அறை, எல்லாம் பாதி வாயைத் திறந்துகொண்டு நின்றன. சிறையில் ஒருவன் குடித்துவிட்டு அடைபட்டிருந்தான், கதவைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனான், அங்கேயும் கதவு சாத்தவில்லை என்று திரும்பி வந்துவிட்டான். ட்வைட் கிம்பிள் காரின் கதவுகளை மாட்டிப் பார்த்தான். அதே இரண்டு விரல். யாரிடமும் சொல்லாமல் கதவுகளைக் கயிற்றால் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

பதினோராம் தேதி காலை பத்து மணிக்கு ஏப்ரல் காற்று வந்தது. இருபத்து நாலு வருடமாக இந்த ஊரைத் தொடாத காற்று. வழக்கம்போல ஊருக்கு முன்னால் ஒரு கணம் நின்றது. இந்தத் தடவை அதன் கண்ணில் ஊர் பட்டது. திறந்த கதவுகள் வழியாக உள்ளே புகுந்து, வீடுகளை உள்ளிருந்து ஊதியது. பன்னிரண்டு மணிக்குள் முப்பத்தொரு கூரைகள் போயின. தீவனக்கடையின் கூரை முழுசாக எழும்பி, ஒரு தடவை புரண்டு, ஐந்து மைல் தள்ளி ஏரியில் போய் இறங்கியது. ஜனங்கள் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு, வாயில் மண்ணோடு, குள்ளமான இடத்தைத் தேடினார்கள். மதியம் காற்று ஓய்ந்தது. ஆனால் அது ஓய்வெடுக்கத்தான் போயிருக்கிறது என்பது மலை இடுக்கில் கிளம்பிய தூசியைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. வயதானவர்கள் நினைவுபடுத்தினார்கள், ஏப்ரல் காற்று மூன்று நாள் வரும்.

அன்று மாலையே ஹார்லன் பீட் ஓப்பலின் வீட்டுக்குப் போனான். கூட ட்வைட்டும். ஓப்பலின் கதவும் சாத்தவில்லை. தட்ட ஒன்றுமில்லாததால் வாசலில் நின்று இருமினான்.

“உள்ளே வாய்யா. நிமிர்ந்தே வரலாமே, ஆசைப்பட்டது அதானே,” என்றாள்.

ஹார்லன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். “காரைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டாச்சு. பலகை வெச்சுக்கோ. மெயின் தெருவுல, எவ்வளவு பெருசு வேணாலும்.”

“பலகை வேணாம்.”

“அப்புறம் என்னதான் வேணும் உனக்கு?”

“நீதானே சொன்னே, அவர் பேரு ஊர் நெத்தியில இருக்குன்னு? அதுவே போதும். வெண்கலம் துருப்பிடிக்கும்.”

“வெண்கலம் துருப்பிடிக்காது,” என்றான் ட்வைட்.

“நீ வாயைத் திறக்காதே. நீ நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்து முட்டுக்குழாயைப் பிடிக்கணும். பிடின்னா பிடிக்கணும், விடுன்னா விடணும். வேற எதையும் தொடக் கூடாது. ஹார்லன், நீ டேப்போட அந்த முனையைப் பிடி.”

“நானா?”

“அந்த முனையை இருபத்தஞ்சு வருஷம் நான் பிடிச்சேன். இப்ப என் கைக்கு ரம்பம் வேணும்.”

மறுநாள் காற்று மறுபடி இறங்குவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். ஓப்பல் முதலில் ட்வைட்டின் வெல்டிங் தையல்களை எல்லாம் அறுத்தெறிந்தாள். விரிந்த உடலைச் சங்கிலி போட்டு இழுத்து, கதவுகள் இரண்டும் டக்கென்று சாத்தும்வரை இழுத்து, முட்டுக் கொடுத்துப் பற்றவைத்தாள். முட்டு ஏறிய அந்த நிமிடமே ஊரில் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் சாத்திக்கொண்டன. வங்கி மேனேஜர் பெட்டக அறைக்குள் மாட்டிக்கொண்டார், அவரை மதியம்தான் எடுத்தார்கள். பிறகு டேப் வைத்தாள். சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். ஹார்லன் தன் முனையிலிருந்து எண்ணைப் படித்தான்.

“ஒன்பது காட்டுதே. எட்டுதானே அறுக்கணும்?”

“எட்டு அவருது.”

“அப்ப இந்த ஒண்ணு?”

“பை சுடச் சொன்னாங்கல்ல, அதுக்கு.”

ஹார்லன் டேப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தான். மலைப் பக்கம் பார்த்தான். தூசி பாதி வானம் ஏறியிருந்தது. மறுபடி குனிந்து டேப்பைப் பிடித்துக்கொண்டான்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கூரை இறங்கியது. பிட்டர்வெல் ஒன்பது அங்குலம் தாழ்ந்தது. கூரையில்லாத முப்பத்தொரு வீடுகளும் கூடவே தாழ்ந்தன. காற்று வந்தது, நின்றது, தேடியது. ஒன்றும் அகப்படாமல் மேலாகப் போய்விட்டது. ஓப்பல் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மரக்கரண்டியில் மெழுகு தடவிக்கொண்டிருந்தாள், ஈயம் சூடாக இருந்தது.

இப்போது வாசல்கள் ஐந்தடி ஐந்து. ஓப்பலின் உயரம் ஐந்தடி நாலரை. அந்த ஒன்பதாவது அங்குலத்தைத் தன் தலை இடிக்காத அளவுக்குச் சரியாக அளந்துதான் அவள் அறுத்தாள் என்பதைச் சில மாதங்கள் கழித்துத்தான் ஒவ்வொருவராகக் கணக்குப் போட்டார்கள். போட்டபின் யாரும் அவளிடம் பேசவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. தேவாலயத்துக்கு வேண்டுமென்றே தாமதமாக வருவாள். எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது வாசலில் நிமிர்ந்து நிற்பாள். பிறகு கடைசி வரிசையில் உட்காருவாள்.

மே மாதத்தில் சங்கத்துக்காரர்கள் தங்கள் கார்களோடு வருவார்கள். பலகை எங்கே என்று கேட்பார்கள். காப்பிக்கடைக்காரி வாசலைக் காட்டுவாள். அவர்கள் புரியாமல் நுழைவார்கள். பிறகு புரிந்துகொள்வார்கள். நெற்றியைத் தடவிக்கொண்டே, ஏதோ பிரசாதம் வாங்கிய மாதிரி சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஊர்க்காரர்களுக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் ஐஸ் பை கொடுப்பார்கள்.

ஹார்லன் பீட் 1983-ல் செத்தான், மாரடைப்பு. சுரங்க ஊரில் சவப்பெட்டியைக் கையில் தொங்கவிட்டுக் கொண்டுபோக மாட்டார்கள், தோளில்தான் தூக்குவார்கள். ஆறு பேர் தூக்கினார்கள், முன்னால் ட்வைட் கிம்பிள். தேவாலய வாசலில் ஆறு பேரும் பழக்கத்தில் தங்கள் தலைக்கு வேண்டிய அளவு குனிந்தார்கள். தோளில் பெட்டி இருக்கிறதே, அதற்கும் சேர்த்து அளக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெட்டியின் முன்பக்கம், ஹார்லனின் தலை இருந்த பக்கம், மேற்கட்டையில் போய் மோதியது. உள்ளே ஏதோ நகர்ந்த சத்தம் கேட்டது.

“அளந்துட்டுத் தூக்கணும்,” என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ட்வைட்டும் மற்றவர்களும் முழங்காலை மடித்து, பெட்டியை இறக்கி, உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். மூடியின் முனையில் புறா முட்டை அளவுக்கு ஒரு பள்ளம். மருந்துக்கடைக்காரர் எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஐஸ் பை இருந்தது. அதைப் பள்ளத்தின் மேல் வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். பாதிரியார் பிரசங்கத்தைத் தொடங்கினார். ஏப்ரல் மாதம்தான். காற்று கூரைக்கு ஓர் அங்குலம் மேலாகப் போய்க்கொண்டிருந்தது.